பாட்டுக்குப் பொருள் சொல்லும் பரீட்சை

ஆங்கில இலக்கியப் பரீட்சை நம் நாட்டுக்கு எப்படி வந்தது என்பதைப் பற்றி இந்த முறை கொஞ்சம் சரித்திரம் எழுதலாம் என்று உட்கார்ந்தேன். இதை எழுதத் தூண்டியது எதிர்வீட்டுப் பெண் கேட்ட ஒரு கேள்வி. அதிலிருந்தே தொடங்குகிறேன்.

போன தை மாதம், பொங்கல் விடுமுறை முடிந்த வாரம். எதிர்வீட்டில் பட்டுத்தறி வைத்திருக்கிறார்கள். அவர்கள் மகள் பன்னிரண்டாம் வகுப்பு. ஆங்கிலப் புத்தகத்தையும் அதைவிடத் தடிமனான கைடு ஒன்றையும் எடுத்துக்கொண்டு திண்ணைக்கு வந்தாள். ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கச் சரியான ஆள் நான் இல்லை. புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவன். ஆங்கிலம் எனக்கு உத்தியோகத்துக்காகப் பின்னால் ஒட்டவைத்த மொழி. அன்றைக்கு அவள் கொண்டுவந்த பாட்டோ பிரெஞ்சுப் படை முகாமில் நடந்த ஒரு சம்பவம். ராபர்ட் பிரௌனிங் என்ற ஆங்கிலக் கவிஞர் 1842-ல் வெளியிட்டது.

கதை சுருக்கமாக இதுதான். 1809-ல் நெப்போலியனின் படை ராட்டிஸ்பன் நகரைத் தாக்குகிறது. நெப்போலியன் ஒரு மேட்டில் நின்று பார்த்துக்கொண்டிருக்கிறார். ஒரு சிறுவன் குதிரையில் பாய்ந்து வந்து, நகரம் நம் கையில் விழுந்தது, உங்கள் கொடியை நானே ஏற்றினேன் என்கிறான். அவன் மார்பில் குண்டு பாய்ந்திருப்பதை அவர் அப்புறம்தான் கவனிக்கிறார். காயமா என்கிறார். இல்லை, உயிரே போய்விட்டது என்று பெருமையோடு சொல்லிச் சிரித்தபடியே விழுந்து இறக்கிறான். பாட்டு அதோடு முடிகிறது.

கைடில் ஐந்து மதிப்பெண் விடை தயாராக இருந்தது. நாட்டுப்பற்று, வீரம், தியாகம், தலைவனிடம் விசுவாசம். அவள் கண்ணை மூடிக்கொண்டு மளமளவென்று ஒப்பித்தாள். ஒரு சொல் பிசகவில்லை. பிறகு கண்ணைத் திறந்து, "தாத்தா, ஒன்னு கேக்கட்டுமா? அந்தப் பையன் செத்து வியுந்துட்டான். அப்பறம் நெப்போலியன் இன்னா சொன்னாரு? பாட்டுல அது இல்லியே?" என்றாள்.

நான் புத்தகத்தை வாங்கி இரண்டு தரம் படித்தேன். உண்மைதான், இல்லை. பையன் விழுகிறான், பக்கத்தில் தலைவர் நிற்கிறார், அவ்வளவுதான். கைடிலும் அந்தப் பேச்சே இல்லை.

எனக்குச் சட்டென்று என் வகுப்பறை ஞாபகம் வந்தது. பிரெஞ்சுப் பள்ளியில் 'எக்ஸ்ப்ளிகாசியோன் த தெக்ஸ்த்' என்று ஒரு பயிற்சி உண்டு. ஒரு பக்கத்தைக் கொடுப்பார்கள். அது யாருடையது, எந்த இடத்தில் வருகிறது, எப்படித் தொடங்கி எப்படித் திரும்பி எங்கே முடிகிறது, இந்தச் சொல்லை ஏன் இங்கே போட்டார் என்று வரிவரியாக விளக்க வேண்டும். கூஸ்தாவ் லான்சோன் போன்ற பேராசிரியர்கள் நூறு வருஷத்துக்கு முன் பிரான்சில் முறைப்படுத்திய வழி அது.

ஒரு நாள் லா ஃபோன்தேன் எழுதிய ஆமையும் இரண்டு வாத்துகளும் என்ற கதைப்பாட்டைக் கொடுத்தார்கள். குச்சியை வாயில் கவ்விக்கொண்டு ஆமை பறந்துபோகும், பேச வாயைத் திறந்து விழும். இதை என் ஆயா ஏற்கெனவே நூறு தடவை சொல்லியிருந்தாள். குளம் வற்றிப்போனதால் ஆமை வேறு குளத்துக்குப் புறப்பட்டது என்று ஜோராக எழுதினேன். வாத்தியார் அந்த வரியின் கீழே கோடு போட்டார். "குளம் வற்றியது எந்த வரியில் இருக்கிறது, காட்டு" என்றார். தேடிப் பார்த்தேன், இல்லை. லா ஃபோன்தேனின் ஆமை வளையில் கிடந்து அலுத்துப்போய் ஊர் உலகம் பார்க்கக் கிளம்பிய ஆமை. குளம் வற்றியது நம் பஞ்சதந்திரத்தில். அவர் தமது 1678-ஆம் வருஷத் தொகுதியின் முன்னுரையில், இந்தக் கதைகளில் பெரும்பங்கை பில்பாய் என்ற இந்திய ஞானியிடமிருந்து பெற்றதாகச் சொல்லியிருக்கிறார். கதையை வாங்கியவர், ஆமை புறப்பட்ட காரணத்தை மாற்றிவிட்டார். பஞ்சத்துக்குப் பயந்து போகிற ஆமைமேல் பரிதாபம் வரும். வேடிக்கை பார்க்கப் போகிற ஆமையைப் பார்த்தால் சிரிப்பு வரும். இதெல்லாம் "வரியைக் காட்டு" என்ற ஒரு கேள்வியால் எனக்கு விளங்கியது.

அப்படியானால் நம் பிள்ளைகளுக்கு அந்தக் கேள்வி ஏன் வருவதில்லை? இங்கேதான் சரித்திரம் வருகிறது. அதன் ஒரு நுனி எங்கள் ஊருக்கு மிகப் பக்கத்தில் இருக்கிறது.

பெரணமல்லூர் ஆரணிக்கும் வந்தவாசிக்கும் நடுவே இருப்பது உங்களுக்குத் தெரியும். 1751 டிசம்பரில் ஆரணியில் கிளைவ், பிரெஞ்சுத் துணையோடு வந்த ராசா சாகிப்பின் படையை முறியடித்தான். 1760 ஜனவரி 22-ஆம் தேதி வந்தவாசியில் அயர் கூட்டின் ஆங்கிலப் படை, லாலியின் பிரெஞ்சுப் படையை வென்றது. அடுத்த ஜனவரியில் புதுச்சேரியே விழுந்தது. பின்னால் உடன்படிக்கைப்படி புதுச்சேரியைத் திருப்பிக் கொடுத்தார்களே தவிர, தமிழ்நாட்டில் யார் ஆள்வது என்பது வந்தவாசி வெட்டவெளியில் முடிவாகிவிட்டது. நம் பிள்ளைகள் எந்த மொழியில் பரீட்சை எழுதுவார்கள் என்பதும் அன்றைக்கே பாதி முடிவாகிவிட்டது என்று நான் வேடிக்கையாகச் சொல்வதுண்டு.

மீதிப் பாதி அடுத்த நூற்றாண்டில் நடந்தது. 1813-ஆம் வருஷச் சாசனச் சட்டம் இந்தியரின் கல்விக்கு வருஷம் ஒரு லட்சம் ரூபாய் ஒதுக்கியது. எந்தக் கல்விக்கு என்று இருபது வருஷத்துக்கு மேல் வாதம் நடந்தது. 1835 பிப்ரவரியில் மெக்காலே தமது குறிப்பை எழுதினார். மார்ச்சில் கவர்னர் ஜெனரல் பெண்டிங்க் அதை ஏற்று, பணம் ஆங்கிலக் கல்விக்கே என்று உத்தரவு போட்டார். மத விஷயத்தில் தலையிடாத அரசு என்று காட்டிக்கொண்டதால் பைபிளை நேரடியாகப் பாடமாக வைக்க முடியவில்லை. அந்த இடத்தில் ஆங்கிலக் கவிதையையும் நாடகத்தையும் வைத்து அதன் வழியாக ஒழுக்கமும் விசுவாசமும் புகட்டப் பார்த்தார்கள் என்று பேராசிரியர் கௌரி விஸ்வநாதன் 1989-ல் வந்த தமது நூலில் விரிவாகக் காட்டியிருக்கிறார். கைடில் 'வீரம், தியாகம், விசுவாசம்' என்று இன்றைக்கும் வரிசையாக வருவதைப் பார்க்கும்போது அது எனக்கு நினைவுக்கு வருகிறது.

1844-ல் ஹார்டிஞ்ச் பிரபு இன்னொரு உத்தரவு போட்டார். அரசு வேலைக்கு ஆள் எடுக்கும்போது ஆங்கிலக் கல்வி பெற்றவர்களுக்கு முன்னுரிமை. என்னைப் போன்ற குமாஸ்தாக்களின் ஜாதகம் கணிக்கப்பட்ட நாள் அது. பத்து வருஷம் கழித்து, லண்டனில் நடக்கப்போகும் சிவில் சர்வீஸ் பரீட்சைக்கு மெக்காலே தலைமையிலான குழு மதிப்பெண் பட்டியல் போட்டது. ஆங்கில மொழிக்கும் இலக்கிய வரலாற்றுக்கும் சேர்த்து 1500. கிரேக்கத்துக்கு 750, லத்தீனுக்கு 750. பிரெஞ்சுக்கு 375. சமஸ்கிருதத்துக்கு 375, அரபிக்கு 375. தமிழ் பட்டியலிலேயே இல்லை. மதுரைக்கும் தஞ்சைக்கும் கலெக்டராக வரப்போகிறவனுக்கு அந்தப் பரீட்சையில் தமிழ் தேவைப்படவில்லை.

1857-ல் சென்னை, கல்கத்தா, பம்பாய்ப் பல்கலைக்கழகங்கள் தொடங்கின. மெட்ரிகுலேஷனிலிருந்து ஆங்கிலம் கட்டாயம். இதில் வேடிக்கை என்னவென்றால், ஆக்ஸ்போர்டில் ஆங்கில இலக்கியம் தனிப் பட்டப்படிப்பானது 1894-ல்தான். கேம்பிரிட்ஜில் 1917-ல். அங்கே அவர்கள் கிரேக்கமும் லத்தீனும் படித்துக்கொண்டிருந்த காலத்தில், இங்கே கும்பகோணத்துப் பையன் ஷேக்ஸ்பியருக்குப் பொருள் எழுதிக்கொண்டிருந்தான்.

அந்த வாசலில் அடிபட்டவர்கள் எத்தனையோ பேர். நமக்கெல்லாம் தெரிந்த ஒருவரை மட்டும் சொல்கிறேன். கணித மேதை இராமானுஜன் 1904-ல் கும்பகோணம் கல்லூரியில் உதவித்தொகையோடு சேர்ந்தார். ஆங்கிலத்தில் தேறாததால் அதை இழந்தார். பிறகு சென்னையில் எஃப்.ஏ. பரீட்சையிலும் தவறினார். 1912-ல் சென்னைத் துறைமுகத்தில் மாதம் முப்பது ரூபாய்க்குக் குமாஸ்தாவானார். நம் இனம்தான் என்று நான் பெருமைப்பட்டுக்கொள்வேன். ஆனாலும் நினைத்தால் வயிறு கலங்குகிறது.

வேலைக்கு வாசல் ஒன்றே ஒன்று, அதற்குத் திறவுகோல் பரீட்சை என்றாகிவிட்டால், பிறகு பாட்டு என்ன சொல்கிறது என்ற கேள்விக்கு இடமில்லை. திருத்துகிறவர் என்ன எதிர்பார்க்கிறார் என்பதே கேள்வி. ஆயிரக்கணக்கில் வரும் விடைத்தாள்களைப் பல பேர் பிரித்துத் திருத்தும்போது எல்லோர் கையிலும் ஒரே விடைக்குறிப்பு இருந்தாக வேண்டும். அதில் நியாயமும் இருக்கிறது. என் தாள் ஒருவர் கையில் போனால் ஐந்து, இன்னொருவர் கையில் போனால் ஒன்று என்றால் ஏழைப் பிள்ளைக்குத்தான் நஷ்டம். ஆனால் விடைக்குறிப்பு வந்தவுடன் அதைப் பார்த்துக் கைடு வந்தது. கைடு வந்தவுடன் பாட்டைப் படிக்க வேண்டிய அவசியம் போயிற்று. 'இடஞ்சுட்டிப் பொருள் விளக்குக' என்று கேட்டால் எந்தப் பாடம், யார் எழுதியது, அர்த்தம் இது என்று மூன்று பெட்டியை நிரப்பிவிடலாம். தமிழ்த் தாளிலும் இதே கதைதான். 'நலம் பாராட்டுக' என்பார்கள். மையக்கருத்து, எதுகை, மோனை, இயைபு, அணி என்று தலைப்பு போட்டுக்கொண்டே போனால் எந்தப் பாட்டையும் பாராட்டிவிடலாம், நமக்கு அது பிடிக்காவிட்டாலும்கூட.

வெள்ளைக்காரன் வந்துதான் பாட்டுக்குப் பொருள் சொல்லக் கற்றுக்கொடுத்தான் என்று யாரும் நினைக்க வேண்டாம். உரை எழுதுவது நம்முடைய மிகப் பழைய தொழில். காண்டிகை உரை என்றால் கருத்து, பதப்பொருள், எடுத்துக்காட்டு, இவற்றோடு வினாவும் விடையும் இருக்க வேண்டும் என்று நன்னூல் இலக்கணம் சொல்கிறது. வினா என்பது உரையின் ஓர் உறுப்பு. கேள்வி கேட்காத உரை முழுமையான உரை இல்லை.

பரிமேலழகரையே எடுத்துக்கொள்ளுங்கள். 69-ஆம் குறள், மகனைச் சான்றோன் என்று பிறர் சொல்லக் கேட்கும் தாயின் மகிழ்ச்சியைச் சொல்வது. தாய் ஏன் பிறர் சொல்லிக் கேட்க வேண்டும்? பெண் தன் இயல்பால் தானாக அறியமாட்டாள், அதனால்தான் கேட்டாள் என்று காரணம் சொல்கிறார் பரிமேலழகர். இதைப் பின்னால் வந்தவர்கள் பலர் ஏற்கவில்லை. எதிர்வீட்டுப் பெண்ணிடம் இதைச் சொன்னபோது, "அம்மாக்குத் தெரியாததா ஊர்க்காரங்களுக்குத் தெரியும்?" என்று சண்டைக்கே வந்துவிட்டாள். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. எழுநூறு வருஷத்துக்கு முந்திய ஒரு பெரிய மனிதரோடு பதினேழு வயதுப் பெண் சண்டை போட முடிகிறது. ஏன்? அவர் காரணத்தைச் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். காரணம் வெளியே இருந்தால் மறுக்கலாம். கைடோடு யாரும் சண்டை போட முடியாது. அதில் முடிவு மட்டும்தான் இருக்கிறது.

இன்னொரு செய்தி. சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பட்டதாரிகளில் ஒருவர் யாழ்ப்பாணத்து சி.வை. தாமோதரம் பிள்ளை. புதிய பரீட்சையில் முதன்முதலாகத் தேறிய அந்த மனிதர் பிற்காலத்தில் என்ன செய்தார்? தொல்காப்பியத்தையும் கலித்தொகையையும் பழைய உரைகளோடு ஏட்டிலிருந்து எடுத்துப் பதிப்பித்தார். நச்சினார்க்கினியர் உரையோடு கலித்தொகை 1887-ல் வந்தது. அந்தப் படிப்பும் இந்தப் படிப்பும் ஒரே தலைக்குள் இருக்க முடியும் என்பதற்கு அவரே சாட்சி.

இப்போது என் தப்பை ஒப்புக்கொள்கிறேன். ஓய்வு பெற்று இந்த ஊருக்கு வந்த புதிதில், இதே பெண்ணின் அண்ணனுக்கு நான்தான் மாலையில் ஆங்கிலம் சொல்லிக்கொடுத்தேன். கைடைவிடச் சுருக்கமாக நானே கையால் நோட்ஸ் எழுதிக் கொடுத்தேன். முத்து முத்தான குமாஸ்தா கையெழுத்து. ஒரு நாள் அவனும் ஏதோ ஒரு பாட்டில் ஏதோ ஒரு கேள்வி கேட்டான். "அதெல்லாம் பரீட்சையில் வராதுப்பா, மேலே போ" என்றேன். என்ன கேள்வி என்றுகூட இப்போது எனக்கு ஞாபகமில்லை. நல்ல மதிப்பெண் வாங்கினான். தெருவில் எனக்குப் பெயரும் வந்தது. இப்போது பெங்களூரில் ஒரு கிடங்கில் கணக்கு பார்க்கிறான். பொங்கலுக்கு வந்தவனிடம், அப்போது படித்த பாட்டில் ஏதாவது நினைவிருக்கிறதா என்று கேட்டேன். "ஒன்னுமே இல்ல தாத்தா, பேருகூட" என்று சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. நான் படித்த வகுப்பறையில் எனக்குக் கிடைத்ததை அவனுக்குக் கொடுக்காமல் விட்டேனே என்றிருந்தது.

அவர்கள் வீட்டுத் தறியின் மேலே ஜக்கார்டு பெட்டி இருக்கிறது. அந்த ஜக்கார்டும் பிரான்சில் லியோன் பட்டணத்துக்காரர்தான். ஓட்டை போட்ட அட்டை வரிசை எந்த இழை தூக்க வேண்டுமென்று சொல்லும், தறியில் புட்டா விழும். அந்த வீட்டுக்காரர் ஒரு நாள் சொன்னார்: "அட்டையப் பாத்து யாரு வேணா நெய்யலாம் சார். இழை ஒன்னு தப்பா தூக்கினா கண்ணுல படணும், அதுதான் தொழிலு." அவர் மகளுக்கு அது படிப்பில் வந்திருக்கிறது. பாட்டில் இருக்க வேண்டிய ஒன்று இல்லை என்பது அவள் கண்ணில் பட்டது.

அதே புத்தகத்தில் கி. ராஜநாராயணனின் 'நாற்காலி' கதையும் ஆங்கிலத்தில் இருக்கிறது. கரிசல் காட்டுக் கதை, ஆங்கிலமாகி, கைடில் சுருக்கமாகி இந்த வீட்டுக்கு வந்திருந்தது. நான் தமிழ் மூலத்தைத் தேடி எடுத்து வாய்விட்டு வாசித்தேன். செத்தவரை உட்காரவைக்க ராத்திரியில் வந்து நாற்காலி கேட்கிற இடத்தில், தறியில் இருந்த அவள் அப்பாவே நாடாவை நிறுத்திவிட்டுச் சிரித்தார். இதைக் கைடு 'நகைச்சுவை' என்று ஒரே வார்த்தையில் முடித்திருந்தது.

மறுபடி நெப்போலியனிடம் வருகிறேன். இரண்டு மாலை இதைப் பற்றியே பேசினோம். கதை உண்மையில் நடந்ததுதான், ஆனால் அந்த வீரன் சிறுவன் அல்ல, வளர்ந்த ஆள் என்று பிரௌனிங்கைப் பற்றிய பழைய கைநூல் ஒன்று சொல்கிறது. லா ஃபோன்தேன் ஆமையை மாற்றியது போல, பிரௌனிங் ஆளைச் சிறுவனாக்கினார். ஏன் ஆக்கினார் என்று அவளையே கேட்டேன். கொஞ்சம் யோசித்து, "பெரியவன் செத்தா வீரம்னு சொல்லிட்டுப் போயிடுவோம் தாத்தா. சின்னப் பையன் செத்தா கஷ்டமா இருக்கும்ல?" என்றாள். அப்போது தலைவர் ஏன் பேசவில்லை என்றேன். "இன்னா பேசுவாரு? அவருக்குத்தான அவன் செத்தான்."

"இதை எழுது கண்ணு" என்றேன்.

"மார்க் போடுவாங்களா?"

போடுவார்கள் என்று சொல்ல எனக்குத் துணிவில்லை. நர்சிங் படிக்க ஆசைப்படுகிற பெண். ஒரு மதிப்பெண் எனக்கு வேடிக்கை, அவளுக்கு வாழ்க்கை. கடைசியில் அவளே ஒரு வழி கண்டுபிடித்தாள். கைடு சொல்கிற வீரம், தியாகம் எல்லாவற்றையும் வரிசையாக எழுதிவிட்டு, இடம் இருந்தால் கடைசியில் தன் வாக்கியம் ஒன்றைச் சேர்ப்பது. அந்த வாக்கியத்தை ஆங்கிலத்தில் அமைக்க எங்கள் இருவருக்கும் முக்கால் மணி நேரம் ஆயிற்று. நான் இரண்டு இடத்தில் தப்பு செய்தேன், அவள் திருத்தினாள். தமிழில் சொன்னால் இவ்வளவுதான்: பையன் விழுந்தபிறகு தலைவர் ஒன்றும் சொன்னதாகக் கவிஞர் எழுதவில்லை; அந்த மௌனத்தை நாம்தான் கேட்க வேண்டும்.

மார்ச்சில் பரீட்சை. அந்தப் பாட்டு கேள்வித்தாளில் வரலாம், வராமலும் போகலாம். வந்தால் அந்த வாக்கியத்தை எழுதப்போவதாகச் சொல்லியிருக்கிறாள். நானும் மேலே போ என்று சொல்லவில்லை.